இந்தியா, இலங்கை அரசுச் செலவுகளை ஒப்பிடுவது எப்படி?

நாகர்கோவிலில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பொருளாதாரம் கற்பிக்கிறேன். கொளச்சலைச் சேர்ந்த மாணவி ஒருவர், நாட்டின் பொருளாதார அளவோடு பார்த்தால் இந்திய அரசு அதிகம் செலவிடுகிறதா, இலங்கை அரசா என்று கேட்டார். கையில் கிடைத்த ஓர் அட்டவணையைப் பார்த்து இலங்கைதான் என்று சொல்லிவிட்டேன். அந்த விடை தவறு. அதைத் திருத்தியபோது கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பன்னாட்டு நாணய நிதியத்தின் தளத்துக்குச் சென்று, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியாகும் உலகப் பொருளாதாரக் கண்ணோட்டத் தரவுத்தொகுப்பைத் திறந்து, இரு நாடுகளையும் தேர்ந்தெடுங்கள். ‘பொது அரசின் மொத்தச் செலவு’ என்னும் தொடர் அதில் இரு வடிவங்களில் இருக்கும்: உள்நாட்டு நாணயத்தில் ஒன்று, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் சதவீதமாக மற்றொன்று. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

‘பொது அரசு’ என்ற சொல்லில்தான் நான் தவறினேன். மத்திய அரசு, மாநிலங்கள், உள்ளாட்சிகள் மூன்றும் சேர்ந்ததே பொது அரசு. நம் பகுதியில் காவல்கிணறு முதல் களியக்காவிளை வரையிலான நான்குவழிச் சாலைக்கு மத்திய அரசும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாநில அரசும், தெருவிளக்குக்கு ஊராட்சியும் செலவிடுகின்றன. நான் பார்த்த அட்டவணையில் மத்திய அரசின் செலவு மட்டுமே இருந்தது. 2022-23இல் அது உற்பத்தியில் 15.5 சதவீத அளவுதான். மாநிலங்களைச் சேர்த்தால் 28 சதவீதத்தைத் தாண்டும். இலங்கையில் மாகாண சபைகள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரும் நிதியையே நம்பியிருப்பதால், அங்கே மத்திய அரசின் கணக்கும் பொது அரசின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே மத்திய அரசை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இந்தியாவின் செலவில் ஏறத்தாழ பாதி விடுபட்டுப்போகும். இலங்கையில் அநேகமாக எதுவும் விடுபடாது.

அரசு நிறுவனங்கள் இதில் சேரமாட்டா. மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் செலவோ, அரசு ரப்பர் கழகத்தின் கூலியோ இக்கணக்கில் வராது. அரசுப் பேருந்து போடும் டீசலும் வராது. பெண்களின் கட்டணமில்லாப் பயணத்துக்காகப் போக்குவரத்துக் கழகத்துக்கு மாநில அரசு கொடுக்கும் தொகை மட்டும் வரும்.

கோப்பைத் திறக்க நான் லிபர்ஆபிஸ் கால்க்கையே பரிந்துரைப்பேன். அது இலவசம் என்பதோடு, திறக்கும்போதே நெடுவரிசைகளை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று கேட்டுவிடும். எண் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது இன்னும் எழுத்தாகவே இருக்கிறது என்று பொருள். காற்புள்ளிகளை நீக்கி எண்ணாக மாற்றுங்கள். தொகைகள் பில்லியனில் இருக்கும்: 1 பில்லியன் 100 கோடி, 1,000 பில்லியன் 1 லட்சம் கோடி.

அடுத்து, இரு நாணயங்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் டாலராக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். இலங்கை அரசின் செலவு 2021இல் ஏறத்தாழ 3.5 லட்சம் கோடி இலங்கை ரூபாய், 2022இல் ஏறத்தாழ 4.5 லட்சம் கோடி ரூபாய். அதே காலத்தில் டாலரின் சராசரி விலை சுமார் 199 இலங்கை ரூபாயிலிருந்து 324 ரூபாய்க்கு ஏறியது. டாலரில் வரைந்தால் செலவு சுமார் 1,770 கோடியிலிருந்து 1,380 கோடிக்குச் சரியும். ரூபாயில் வரைந்தால் கால் பங்குக்கு மேல் உயரும். 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியிருந்ததால் அந்த உயர்வையும் அப்படியே நம்ப முடியாது. உற்பத்தியின் சதவீதமாகப் பார்க்கும்போது, 20 சதவீத அளவிலிருந்து 18.5 அளவுக்கு இறங்கியது தெரிகிறது. நீண்டகால ஒப்பீட்டுக்கு நான் இந்த அளவையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு குடிமகனுக்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. அதற்கு மக்கள்தொகையும், நாடுகளுக்கிடையிலான விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்யும் வாங்கும் திறன் சமநிலையும் வேண்டும்.

ஆண்டுகளையும் கவனியுங்கள். இலங்கையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நம்முடையது ஏப்ரலில். இத்தொகுப்பில் இந்தியாவுக்கு 2022 என்றிருந்தால் அது 2022-23ஐக் குறிக்கும். எந்த ஆண்டுக்குப் பின் மதிப்பீடு தொடங்குகிறது என்ற குறிப்பும் ஒவ்வொரு வரிசையிலும் உண்டு. அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் புள்ளிக்கோடாக வரைந்தால், நடந்ததையும் நடக்கும் என்று கணித்ததையும் பார்ப்பவர் குழப்பிக்கொள்ளமாட்டார்.

பின்சேர்க்கை: மத்திய பட்ஜெட் தொகையையும் மாநில பட்ஜெட் தொகைகளையும் தாமே கூட்டிப் பார்த்த வாசகர் ஒருவர், தமக்கு மிகப் பெரிய எண் கிடைப்பதாக எழுதியிருந்தார். மத்திய அரசு மாநிலங்களுக்குத் தரும் மானியமும் கடனும் முதலில் மத்தியச் செலவாகவும், மாநிலம் அதே பணத்தைச் செலவிடும்போது மாநிலச் செலவாகவும் பதிவாகின்றன. கூட்டும்போது ஒருமுறை கழிக்க வேண்டும். வரிப் பகிர்வை மட்டும் கழிக்கக் கூடாது. மத்திய பட்ஜெட்டில் அது வருவாயிலேயே குறைத்துக் காட்டப்படுகிறது, செலவில் சேர்வதில்லை. மானியங்களையும் கடன்களையும் கழித்துப் பார்த்த பிறகு தம் எண் நாணய நிதியத்தின் எண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டதாக அவர் மறுநாள் தெரிவித்தார்.