புதுப்படத்தின் நிறை குறைகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு படம் வெளியான முதல் நாளே பிளஸ், மைனஸ் என்று இரண்டு பட்டியல் போட்டுவிடுகிறோம். ஒளிப்பதிவு பிளஸ், பின்னணி இசை பிளஸ், இரண்டாம் பாதி மைனஸ், லாஜிக் மைனஸ். இந்தப் பட்டியலை எந்தப் படத்தின் பெயருக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும் என்பதுதான் இதில் இருக்கும் கோளாறு.

இப்படிப் பிரித்து எழுதும்போது, நிறையும் குறையும் ஒரே இடத்தில் முளைப்பது கண்ணில் படுவதில்லை. 2024 ஜூனில் வந்த 'மகாராஜா'வை எடுத்துக்கொள்வோம். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) வெவ்வேறு காலத்தில் நடந்தவற்றை ஒரே சமயத்தில் நடப்பதுபோல் அடுக்கியிருக்கிறார் இயக்குநர் நித்திலன் சாமிநாதன். குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் வந்து நிற்கும் ஆளைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று தெரியும்போது உறைந்துபோகிறார்கள். திரைக்கதைக்கு முழு மார்க் போடலாம். ஆனால் அதே அடுக்குதான், ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை மறைத்துவைத்து, பிறகு திருப்பமாக எடுத்து நீட்டுகிறது. அவள் நேராக நின்று பேச ஒரு காட்சி கிடைப்பதே கடைசியில்தான். 'திரைக்கதை பிளஸ், பெண் பாத்திரம் மைனஸ்' என்று தனித்தனியாக எழுதினால், முதலாவதுதான் இரண்டாவதை உண்டாக்கியது என்ற முக்கியமான விஷயம் காணாமல் போய்விடும்.

அடுத்தது 'லேக்', அதாவது படம் இழுக்கிறது என்ற புகார். இந்த ஒற்றைச் சொல்லால் நாம் செய்யும் அநியாயம் கொஞ்சமில்லை. இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது ஒரு குடும்பம். அவள் கிட்டத்தட்ட வாய் திறப்பதே இல்லை. சாலை, வண்டிச் சத்தம், ஆண்களின் பேச்சு என்று படம் நிதானமாகப் போகிறது. வழியில் கேட்கும் பாட்டுக்கு மீனா உதடசைக்கிறாள். அதைப் பார்த்த, அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் பாண்டி வெறிகொண்டு அடிக்கிறான். அதுவரை இருந்த நிதானம் இல்லையென்றால் அந்த அடி நம்மேல் இப்படி விழுந்திருக்காது. மெதுவாகப் போகிறதா என்று கேட்பதைவிட, அந்த மெதுவால் நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது பயனுள்ளது.

அதற்காக மெதுவாக நகரும் எல்லாவற்றையும் கலை என்று கும்பிட வேண்டியதில்லை. 'மெய்யழகன்' ஓர் இரவு முழுக்க இரண்டு பேர் பேசும் படம். அங்கே பேச்சு அதிகம் என்பது குறையாகாது. அந்தப் பேச்சு இருவரின் உறவை விட்டு விலகி, பார்வையாளருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கும் இடங்கள்தான் தளர்கின்றன. குறை சொல்பவர் அந்த இடத்தைச் சுட்டிக் காட்ட வேண்டும்.

சமூகக் கருத்துள்ள படங்களில் நமக்கு இன்னும் பெரிய தடுமாற்றம். கருத்து பிடித்தவர் எல்லாவற்றையும் மன்னிக்கிறார், பிடிக்காதவர் எதையும் பார்க்க மறுக்கிறார். 2023இல் 'மாமன்னன்' ஓடிடியில் வந்ததும், ஃபகத் ஃபாசில் நடித்த சாதிவெறி பிடித்த வில்லன் ரத்தினவேலுவைச் சாதிப் பாட்டுகளோடு வெட்டி ஒட்டிக் கொண்டாடினார்கள். படம் சொன்னதற்கு நேர் எதிர். அப்படிக் கொண்டாடியது கொண்டாடியவர்களின் குற்றம், அதில் சந்தேகமில்லை. அதற்காக எழுத்தைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்றில்லை. ரத்தினவேலுவின் அகங்காரத்துக்கும் பதற்றத்துக்கும் இயக்குநர் மாரி செல்வராஜ் அத்தனை நுணுக்கம் கொடுத்திருக்கிறார். வடிவேலுவின் மாமன்னனோ, இடைவேளைக்குப் பிறகு தேர்தல் பரபரப்பில் பின்னுக்குப் போய்விடுகிறார். இதைச் சொல்வதால் படத்தின் அரசியலுக்கு எந்தப் பழுதும் வராது.

வசூலை வைத்துத் தரத்தை அளப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் தோற்றது, பிறகு கொண்டாடப்பட்டது. ஆனால் ஓடாத படமெல்லாம் காலத்தை முந்திய படம் என்று வாதிடுவதும் அதே தவறுதான்.

கடைசியாக, பலர் யோசிக்காத ஒன்று: நாம் பார்த்தது எந்த வடிவம்? 'மெய்யழகன்' வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடம் வெட்டப்பட்டது. 'இந்தியன் 2', 'கங்குவா' இரண்டும் வெளியான பிறகு ஏறக்குறைய 12 நிமிடம் குறைந்தன. முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் நீளத்தைப் பற்றிச் சண்டை போட்டால், இருவரும் பேசுவது வேறு வேறு படங்களைப் பற்றி. சத்தமும் அப்படித்தான். 'கங்குவா' காதைப் பிளக்கிறது என்று புகார் எழுந்தபோது, தியேட்டர்களில் வால்யூமை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னதாகத் தயாரிப்பாளரே பேசினார். இரைச்சலுக்கு இசையமைப்பாளரைத் திட்டும் முன், ஒலிக்கலவையா, அரங்கில் வைத்த அளவா என்று பார்க்க வேண்டும். ப்ரொஜெக்டர் விளக்கு மங்கினால் நல்ல ஒளிப்பதிவும் இருட்டாகத்தான் தெரியும். எழுதும்போது எந்தத் தேதியில், எந்த அரங்கில் பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். படிப்பவர் அதைவைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வார்.