நீதியரசர்களை யார் நியமிக்கிறார்கள்? நாடுகளை ஒப்பிடும் முறை

வவுனியாவில் 'உயர் நீதிமன்றம்' என்றால் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் நாட்டின் தலை நீதிமன்றம். கடலுக்கு அந்தப்பக்கம் மதுரையில் அதே சொல் மாநில நீதிமன்றத்தைக் குறிக்கும். தலை நீதிமன்றத்துக்கு அங்கே 'உச்ச நீதிமன்றம்' என்று பெயர். வன்னியில் உயர்தரத்துக்கு அரசறிவியல் எடுக்கும் பிள்ளைகள் தமிழகப் பத்திரிகையையும் நம் பாடநூலையும் சேர்த்து வாசிக்கும்போது முதலில் சறுக்குவது இதில்தான். ஆகவே எந்த நாட்டை எடுத்தாலும் நீதிமன்றப் படியை முதலில் எழுதுங்கள். நமக்கு மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம். ஒரே படியில் உள்ளவற்றையே ஒப்பிடுங்கள்.

பிறகு கொப்பித் தாளைக் குறுக்காக வைத்து ஐந்து நிரல் கீறுங்கள்: பெயரைப் பிரேரிப்பவர், மறுக்கக்கூடியவர், கையொப்பமிடுபவர், பதவிக்காலம், நீக்கும் முறை. இரண்டாவது நிரலை அகலமாக விடுங்கள். கையொப்பத்தை மட்டும் பார்த்தால் இலங்கை, இந்தியா, அமெரிக்கா மூன்றிலும் சனாதிபதிதான். 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பதில்தான் அவை பிரிகின்றன.

இலங்கையை நிரப்பும்போது ஆண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் விடை பிழைக்கும். 107ஆம் உறுப்புரையின்படி சனாதிபதி நியமிக்கிறார். ஆனால் நியமனங்களைப் பரிசீலிக்கும் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்று 2001இல் 17ஆம் திருத்தம் விதித்தது. 2010இல் 18ஆம் திருத்தம் அதை எடுத்தது. 2015இல் 19ஆவது மீட்டது. 2020இல் 20ஆவது மறுபடி எடுத்தது. 2022இல் 21ஆவது திருப்பித் தந்தது. அது இல்லாத இடைப்பட்ட காலங்களில் (2010-2015, 2020-2022) அதற்குப் பதிலாக இருந்த பாராளுமன்றப் பேரவை அபிப்பிராயம் சொல்லலாம், தடுக்க முடியாது. அபிப்பிராயத்தை 'மறுக்கக்கூடியவர்' நிரலில் போட்டால் முழு ஒப்பீடும் கெட்டுவிடும். இன்றைய அரசியலமைப்புப் பேரவையின் 10 பேரில் 7 பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேல் நீதிமன்ற நீதிபதிகளுக்கு வழி வேறு: நீதிச்சேவை ஆணைக்குழு சட்டமா அதிபருடன் கலந்து சிபாரிசு செய்யும், சனாதிபதி நியமிப்பார்.

இந்தியாவுக்கு அரசியலமைப்பை மட்டும் வாசித்தால் போதாது. 124ஆம் உறுப்புரையில் கொலீஜியம் (பெயர்களைச் சிபாரிசு செய்யும் மூத்த நீதியரசர் குழு) என்ற சொல்லே இருக்கவில்லை. அது 1993, 1998 தீர்ப்புகளால் உருவானது. உச்ச நீதிமன்றத்துக்குப் பிரதம நீதியரசரும் அடுத்த மூத்த நால்வரும் பெயர் கொடுப்பார்கள். அரசு திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் மீண்டும் அதே பெயரைச் சொன்னால் நியமிக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் கோப்புக் கிடப்பில் கிடப்பதுண்டு. ஆணைக்குழு ஒன்றால் இதை மாற்றச் செய்த திருத்தத்தை 2015இல் அந்த நீதிமன்றமே செல்லாது என்றது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகவே நிரப்பலாம். அமெரிக்காவில் செனட்டின் சாதாரணப் பெரும்பான்மை போதும், பதவி ஆயுளுக்கும். ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும். ஆகவே ஒரு கட்சி தனியே ஆளை நுழைப்பது கடினம். பதவி 12 ஆண்டு, மறுநியமனம் இல்லை. தென்னாபிரிக்காவில் அந்நாட்டு நீதிச்சேவை ஆணைக்குழு பகிரங்கமாக நேர்முகம் நடத்தி, அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு வெற்றிடங்களைவிட மூன்று பெயர் கூடுதலாகத் தரும். சனாதிபதி அதிலிருந்து தெரிவுசெய்வார்.

கடைசி நிரலை வெறுமையாக விடவேண்டாம். இலங்கையில் நீதியரசர் ஒருவரை நீக்கும் பிரேரணைக்கு 225 பேரில் 113 வாக்குப் போதும். 2013இல் பிரதம நீதியரசர் நீக்கப்பட்டது பாராளுமன்றம் நிறைவேற்றிய அத்தகைய பிரேரணையின் பேரில்தான். இந்தியாவில் இரு சபைகளிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வாக்களித்தோரில் மூன்றில் இரண்டும் சேர வேண்டும்.