செராமிக் ஃபைபர் பிளாங்கெட் வாங்கும் முன் ஆக்சைடு அட்டவணையைப் படிப்பது எப்படி?

ஃபர்னஸின் உட்புறத்தில் சூடு வெளியேறாமல் போர்த்தும் இழைப் போர்வைதான் இந்த பிளாங்கெட். பெட்டியில் 1260 டிகிரி (செல்சியஸ்) என்று போட்டிருக்கிறதா? அந்தச் சூட்டில் 24 மணி நேரம் வைத்தால் 4 சதவீதத்துக்கு மேல் சுருங்காது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தினமும் ஓட்டும் ஃபர்னஸுக்கு அதில் 100, 150 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டேட்டா ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள், எந்த ஆக்சைடு எத்தனை சதவீதம் என்ற அட்டவணை அதில்தான் இருக்கும்.

இந்த இழை கிட்டத்தட்ட பாதி அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), பாதி சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு). உருக்கியதும் சட்டென்று குளிர்ந்துவிடுவதால் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடியாகவே நின்றுவிட்ட பொருள். சுமார் 980 டிகிரியில் இரண்டும் சேர்ந்த முல்லைட் படிகம் முளைக்கும், மீந்த சிலிக்கா இன்னும் கூடுதல் சூட்டில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா படிகமாக மாறும். படிகம் பருக்கப் பருக்க இழை சுருங்கி, தொட்டாலே உதிரும். எந்த ஆக்சைடைச் சேர்த்தாலும் இதைத் தள்ளிப்போடத்தான் முடியும்.

அட்டவணையில் முதலில் அடிவரிகளைப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம் ஆக்சைடு கொஞ்சம் இருந்தாலே கண்ணாடி இளகிவிடும், அணுக்கள் சுலபமாக நகரும், படிகம் வேகமாக வளரும். இரண்டும் சேர்ந்து அரை சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. கயோலின் களிமண்ணில் செய்த மலிவு ரகத்தில் இரும்பும் டைட்டானியமும் கூடவே வந்துவிடும். 1000 டிகிரிக்குள் ஓட்டுபவர்களுக்கு அது போதும், வீணாகச் செலவு செய்யாதீர்கள்.

1260 ரகம் தாங்காத சூட்டுக்குப் போகிறவர்களுக்கு 1425 டிகிரி என்று போட்ட ரகம். குரோமியம் ஆக்சைடு 2, 3 சதவீதம் சேர்த்தால் முல்லைட் படிகம் பருப்பது மட்டுப்படும், ஆனால் காரத்தன்மையுள்ள (ஆல்கலி) புகை படும் உலையில் அது நச்சான ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். ஜிர்கோனியா (ஜிர்கோனியம் ஆக்சைடு) சுமார் 15 சதவீதம் சேர்த்த ரகம் வேறு வழியில் போகிறது: கண்ணாடியின் பிசுபிசுப்பைக் கூட்டிப் படிகமாவதையே தாமதப்படுத்துகிறது. என்னைக் கேட்டால் ஜிர்கோனியாதான்.

ஒன்றில் குழம்பிவிடாதீர்கள். கால்சியம், மக்னீசியம் ஆக்சைடு அதிகம் இருந்தால் மட்டமான சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். மூச்சில் உள்ளே போனாலும் நுரையீரலில் கரையும்படி செய்த ரகத்தில் சிலிக்காவோடு அவைதான் முக்கியப் பொருளே.

ஷீட்டை நம்பாதவர்கள் 200 மில்லிமீட்டர் துண்டு வெட்டி, உங்கள் ஃபர்னஸ் ஓடும் சூட்டில் 24 மணி நேரம் வைத்து அளந்து பாருங்கள். 8 மில்லிமீட்டர் குறைந்திருந்தால் 4 சதவீதம் போயிற்று. அளந்தபின் லேசாக வளைத்தும் பாருங்கள், முறுக்கென்று ஒடிந்தால் படிகம் நன்றாக ஏறிவிட்டது.

சரி, பழைய லைனிங்கைப் பிரிக்கும்போது அப்படியே கிழித்து இழுக்காதீர்கள். சூடு பட்ட பக்கத்தில் கிறிஸ்டோபலைட் இருக்கலாம், அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது. ஃபர்னஸ் முழுக்க ஆறியபின் தண்ணீர் தெளித்து நனைத்து, தூசியை நன்றாக வடிகட்டும் மாஸ்க்கை முகத்தில் இறுகப் போட்டுக்கொண்டு, எடுத்ததை உடனே பையில் கட்டிவிடுங்கள்.