உங்கள் எம்.பி. ஓட்டுப் போட்டாரா? நீங்களே பார்த்துக்கொள்வது எப்படி

தேர்தல் நெருங்கினால் லண்டனில் எங்கள் ஈஸ்ட்ஹாம் வீடுகளில், ‘உங்கள் எம்.பி. வாக்கெடுப்புக்கே வரவில்லை’ என்று துண்டுப் பிரசுரம் வந்து விழும். அதை நம்பிக் கோபப்படும் முன் இதைச் செய்யுங்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ‘காமன்ஸ் வோட்ஸ்’ தளத்தில் தேதியைக் கொடுத்து அந்த வாக்கெடுப்பைத் திறங்கள். ஆதரவு, எதிர்ப்பு இரண்டு பட்டியலிலும் உங்கள் எம்.பி.யின் பெயரைத் தேடுங்கள். பெயரோடு ‘ப்ராக்ஸி’ என்று குறித்து இன்னொரு எம்.பி.யின் பெயரும் இருந்தால், இவருக்காக அவர் ஓட்டுப் போட்டிருக்கிறார். அதுவும் முழு ஓட்டுதான். பிள்ளைப்பேறு, கடும் நோய் போன்ற காரணங்களுக்குச் சபாநாயகர் சான்றிதழ் தந்தால்தான் இந்த ஏற்பாடு. யார் பதிலாள், எந்தத் தேதிவரை என்பதெல்லாம் அவை நடவடிக்கைக் குறிப்பில் வெளியாகும்.

பெயர் ‘நோ வோட் ரெக்கார்டட்’ (ஓட்டுப் பதிவாகவில்லை) என்பதன் கீழ் இருந்தால்? அவசரப்பட வேண்டாம். சபாநாயகரும் அவையில் அமராத வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சியினரும்கூட அங்கேதான் இருப்பார்கள். ‘பேரிங்’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஒரு கட்சிக்காரர் வர முடியாவிட்டால் மறுதரப்பு எம்.பி. ஒருவர் தானும் ஓட்டுப் போடாமல் இருப்பார். கொறடாக்களின் வாய்ப்பேச்சுதான், பட்டியலில் தடயம் இருக்காது. 2018 ஜூலையில், பிரசவ விடுப்பில் இருந்த எதிர்க்கட்சி எம்.பி. ஜோ ஸ்வின்சனுக்கு ஜோடியாக நின்ற ஆளுங்கட்சி எம்.பி. பிராண்டன் லூயிஸ் ஓட்டுப் போட்டுவிட்டார். அதனால் அந்த ஏற்பாட்டை நம்ப முடியாது என்று சொன்ன தொழிற்கட்சி எம்.பி. டியூலிப் சித்திக், 2019 ஜனவரி 15 அன்று, சிசேரியனைத் தள்ளிவைத்துவிட்டு, நிறைமாத வயிற்றோடு சக்கர நாற்காலியில் வந்து பிரெக்சிட் ஒப்பந்தத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார். 202க்கு 432 என்று அரசு தோற்ற வாக்கெடுப்பு அது. ஒரு பெண்ணை அந்த நிலைக்குத் தள்ளியிருக்கவே கூடாது. அந்த மாதக் கடைசியில்தான் ப்ராக்ஸி முறை வந்தது. முதல் ப்ராக்ஸி ஓட்டு அவருடையதுதான், அவருக்காகச் சக எம்.பி. விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட் போட்டார். ப்ராக்ஸியை நான் ஆதரிப்பதே, எல்லாம் பெயரோடு எழுத்தில் இருக்கிறது என்பதால்தான்.

சரி, இதற்கெல்லாம் அப்புறமும் சந்தேகம் தீரவில்லையா? எம்.பி.க்கு எழுதுங்கள். உங்கள் முகவரியைப் போஸ்ட்கோடோடு கட்டாயம் போடுங்கள், தொகுதிக்காரருக்குத்தான் முறையாகப் பதில் வரும். ‘ஏன் வரவில்லை’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தேதியையும் மசோதாவையும் சொல்லி, ‘அன்று பேரிங்கில் இருந்தீர்களா, இல்லை வேண்டுமென்றே ஓட்டுப் போடாமல் இருந்தீர்களா?’ என்று கேளுங்கள்.