மலாவியின் கிராமத் திருச்சபைகளுக்குக் குழுவாக வருகிறவர்களுக்கு

நான் தெற்கு மலாவியில், லிம்பேயில், ஒரு தேயிலை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறவன். தமிழன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்ற இரண்டு தகுதிகளால், ஊரிலிருந்து ஊழியக் குழு வந்தால் சிலேக்கா விமான நிலையத்துக்குப் போய் நிற்பது என் வேலை. பெட்டிகள் வந்து சேர்ந்தபின் சொல்லிப் பயனில்லாத சிலவற்றை முன்கூட்டியே எழுதுகிறேன்.

ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் வாருங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம்; முலாஞ்சே, ஃபலோம்பே பக்கத்து மண்சாலைகளில் வண்டி புதையும். அதைவிடப் பெரிய காரணம் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பல வீடுகளில் சென்ற அறுவடையின் மக்காச்சோளம் தீர்ந்திருக்கும். புதியது வர ஏப்ரல் ஆகும். அந்தப் பசிக்காலத்தில் ஒரு வண்டி நிறைய விருந்தாளிகள் போய் இறங்கினால், கடன் வாங்கியாவது கோழி அடிப்பார்கள், உங்களிடம் மூச்சு விடமாட்டார்கள். ஜூலையில் இந்தச் சங்கடம் இல்லை, ஆனால் குளிரும். மொசாம்பிக் பக்கமிருந்து சிப்பெரோனி என்கிற சாரல் வந்து நாள்கணக்கில் மலையை மூடிக்கொள்ளும். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று வந்தவர்களுக்கு என் வீட்டுப் போர்வைகள் போதவில்லை.

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி வருகிறீர்கள் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மலாவிக்காக அல்ல, திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் வாதாடாமல் இருப்பதற்காக. அடிஸ் அபாபா இருக்கும் எத்தியோப்பியா, மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்ற இந்தியாவின் பட்டியலில் இருக்கிறது. சான்று இல்லாதவரைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும்.

மலேரியா வராமல் தடுக்க நம் ஊர்ப் பழக்கத்தில் குளோரோகுயின் வாங்கி வராதீர்கள். அது பலிக்காமல் போனதால் மலாவி அரசே 1993இல் அதைக் கைவிட்டது. அட்டோவாகுவோன்-புரோகுவானில் அல்லது டாக்சிசைக்ளின், எது உங்களுக்கு ஒத்துவரும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஜெபத்தோடு கொசுவலையும் வேண்டும்.

இனி ஊழியத்துக்கு வருவோம். இந்த நாட்டில் முக்கால் பங்குக்கு மேல் கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனெரிகள் 1876இல் பிளாண்டயரில் இறங்கினார்கள். பக்கத்து சிராட்சுலுவில் ஜான் சிலெம்ப்வே என்ற கறுப்பினப் போதகர் பள்ளிகளும் சபையும் கட்டினார். தோட்ட முதலாளிகளின் கொடுமையை எதிர்த்து 1915இல் எழுந்து கொல்லப்பட்டார். அவர் முகம் மலாவிப் பணமான குவாச்சா நோட்டில் இருக்கிறது, ஜனவரி 15 அவருக்காக விடுமுறை. ஆகவே, இயேசுவின் பெயரையே கேட்டிராத ஜனங்களுக்கு என்று ஆரம்பிக்கும் பிரசங்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கேட்பவர் பாட்டனாரே மூப்பராக இருந்திருப்பார். பிரசங்கம் இருபது நிமிடம் என்றால் பத்து நிமிடத்துக்கு எழுதுங்கள், மீதி மொழிபெயர்ப்பவருக்கு. பாடகர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். ஆராதனை மூன்று மணி நேரம் போனாலும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

நிகழ்ச்சி நிரலை நீங்கள் தயாரிக்காதீர்கள். அழைக்கிற சபையின் போதகருக்கும் மூப்பர்களுக்கும் எழுதி, என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு குழு சுவருக்கு வண்ணம் பூச வந்தது. அந்த ஊரில் வண்ணம் பூசுகிறவர்கள் வேலையில்லாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குழுவில் மருத்துவர் இருந்தால், மலாவி மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு இல்லாமல் அவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடக்கூடாது. மாதங்கள் முன்பே விண்ணப்பித்து, அருகிலுள்ள மிஷன் மருத்துவமனையோடு சேர்ந்து செய்யுங்கள். முகாம் போட்டு இரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனால், இரண்டாம் மாதம் அந்த அம்மா யாரிடம் போவார்?

பழைய துணி வேண்டாம். கவுஞ்சிகா என்னும் பழைய துணி வியாபாரம் ஒவ்வொரு சந்தையிலும் நடக்கிறது. நீங்கள் இலவசமாகக் கொட்டும் மூட்டை அந்தக் கடைக்காரியின் பிழைப்பில் விழும். பெட்டிக் கூலிக்குச் செலவாகும் பணத்தைக் கொண்டு வாருங்கள். கிராமத்து அடிபம்பு பெரும்பாலும் அஃப்ரிடெவ் வகை. உள்ளே ரப்பர் சீல் தேய்ந்தால் தண்ணீர் ஏறாது. அந்த ரப்பர் சீல்களையும் மற்ற உதிரிகளையும் உள்ளூர்க் கடையில் வாங்கித் தண்ணீர்க் குழுவிடம் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பெயர்ப்பலகை வைக்க அதில் இடமில்லை என்பது எனக்கு ஒரு கூடுதல் மகிழ்ச்சி. டாலர் நோட்டுகள் புதியனவாகக் கிழியாமல் இருக்கட்டும், பழையதை மாற்றித் தரமாட்டார்கள்.

கிராமத்தில் இறங்கியதும் முதலில் ஊர்த்தலைவரைப் பார்க்க வேண்டும். அவர் பட்டம் ம்ஃபூமு. அவரைப் பார்க்காமல் கேமராவை எடுக்கக்கூடாது. வீட்டு வாசலில் "ஓடி" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து "ஓடினி" என்று பதில் வந்தபின் நுழையுங்கள். பெண்கள் இடுப்பில் சிடெஞ்சே என்னும் துணியைச் சுற்றிக்கொள்வது நல்லது; லிம்பே சந்தையில் நானே அழைத்துப் போய் வாங்கித் தருகிறேன். சாப்பாட்டுக்கு முன் ஒருவர் கையில் தண்ணீர் ஊற்றுவார். பிறகு ன்சிமா, மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி, வலக்கையால் உருட்டிக் கீரையையோ மீனையோ தொட்டுச் சாப்பிடுவது. நமக்கு இதில் பயிற்சி தேவையில்லை. மேசைக்கரண்டி தேடும் குழுக்களைவிட நாம் இங்கே ஒரு படி மேல். ஊறுகாய் பாட்டிலை மட்டும் அவர்கள் முன்னால் திறக்காதீர்கள்.

குழந்தைகளைப் படமெடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள். கிழிந்த சட்டையைத் தேடி எடுத்து ஊர்ச் சபையில் திரையிட்டுக் காணிக்கை கேட்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து என்னை விமான நிலையத்துக்கு அழைக்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் பலர் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அதுதான் ஆபத்து. அட்டோவாகுவோன் வகையை இன்னும் ஏழு நாள், டாக்சிசைக்ளினை நான்கு வாரம் தொடரவேண்டும். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளாமல், மலாவி போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.