நியோட்டனி என்று எழுதும் முன்: அடிக்கடி நேரும் தவறுகள்

உருண்டை முகமும் பெரிய கண்ணுமாக ஒரு விலங்கைக் கண்டால் போதும், உடனே ‘நியோட்டனி’ என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். பாடக் குறிப்புகளிலும் யூடியூப் விளக்கங்களிலும் இதுதான் நடக்கிறது. மூதாதையின் இளம் பருவத்தில் இருந்த ஓர் அம்சம், அதன் வழிவந்த இனத்தில் பருவம் எய்திய பிறகும் மாறாமல் நீடித்தால்தான் இந்தப் பேச்சுக்கே இடம் உண்டு. எந்த மூதாதை, எந்த உறுப்பு, எந்த வயது என்ற மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் அந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பதே மேல்.

ஆக்சலாட்டலை ‘வளராத குட்டி’ என்பது

மெக்சிகோவின் சொச்சிமில்கோ ஏரிப் பகுதியைச் சேர்ந்த இந்தச் சாலமண்டருக்கு (தவளைக்கு உறவான, பல்லி போன்ற உருவமுள்ள உயிரி), முழுதாக வளர்ந்த பிறகும் கழுத்தோரம் மூன்று ஜோடி இறகுச் செவுள்கள் இருக்கும். வாலில் துடுப்பு இருக்கும், கண்ணுக்கு இமை இருக்காது. இவை எல்லாம் இளவுயிரிக்கு (லார்வாவுக்கு) உரியவை. ஆனால் சுமார் 12 முதல் 18 மாதத்தில் அது பருவம் எய்தி முட்டையிடும். உள்ளேயும் எல்லாம் நின்றுபோய்விடுவதில்லை. இளவுயிரியின் ஹீமோகுளோபின் விலகி, வளர்ந்த விலங்கின் ஹீமோகுளோபின் ரத்தத்தில் வந்துவிடுகிறது. வெளியே தெரியும் உருமாற்றம்தான் நடக்கவில்லை. அதனால் ‘வளர்ச்சி நின்றுவிட்டது’ என்று எழுதுவது பிழை.

‘அதற்குத் தைராய்டு இல்லை’ என்பது அடுத்த பிழை. சுரப்பி இருக்கிறது. அதைத் தூண்ட வேண்டிய, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சமிக்ஞைதான் பலவீனம். தைராய்டின் ஹார்மோனான தைராக்சினை வெளியிலிருந்து கொடுத்தால் செவுள் சுருங்கி, இமை வந்து, தரைவாழ் சாலமண்டராக மாறிவிடும். பாரிசுக்கு 1864இல் வந்த ஆக்சலாட்டல்களின் குஞ்சுகளில் சில தாமாகவே செவுளை இழந்ததைக் கண்டு விலங்கியலாளர் ஆகஸ்ட் துமேரில் திகைத்தார். வட அமெரிக்காவின் நெக்டூரஸ், ஐரோப்பியக் குகைகளின் புரோட்டியஸ் ஆகிய சாலமண்டர்களின் கதை வேறு. ஹார்மோன் கொடுத்தாலும் அவை முழுதாக உருமாறுவதில்லை. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே காரணம் சொன்னால் மதிப்பெண் போவது நியாயம்தான்.

இதைப் படித்துவிட்டு, தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின் தேவை என்பதால் தொட்டியில் அயோடின் சொட்டு விட்டுப் பார்க்கலாம் என்று கிளம்புபவர்களும் உண்டு. வேண்டாம். அயோடின் செவுளையும் தோலையும் அரிக்கும். உருமாற்றம் தொடங்கினாலும் வாரக்கணக்கில் இழுக்கும், உயிரி இரை எடுக்காது, பல இடையிலேயே இறந்துவிடும். 16–18 டிகிரி செல்சியஸ் தண்ணீர்தான் அதற்கு ஏற்றது. 24ஐத் தாண்டினால் சோர்வும் பூஞ்சைத் தொற்றும் வரும். சென்னையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் வளர்க்க நினைப்பதே முதல் தவறு.

மெதுவாக வளர்வதையும் சீக்கிரம் பருவம் எய்துவதையும் குழப்புவது

இளம் தோற்றம் நீடிக்க இரண்டு வழிகள் உண்டு. உடல் உருவம் மாறும் வேகம் குறைந்து, இனப்பெருக்க வயது ஏறக்குறைய அப்படியே இருந்தால் அது நியோட்டனி. உருவம் தன் வேகத்திலேயே போக, இனப்பெருக்கம் முந்திக்கொண்டு வளர்ச்சியை வெட்டிவிட்டால் அது புரோஜெனிசிஸ். முதலாவதில் உடல் பெரும்பாலும் உறவினங்களின் அளவுக்கு வளரும். இரண்டாவதில் சிறுத்துவிடும். 2006இல் விவரிக்கப்பட்ட பீடோசிப்ரிஸ் புரோஜெனெட்டிகா, சுமத்ராவின் கரிச்சதுப்புத் தண்ணீரில் வாழும் கெண்டைக் குடும்ப மீன். அதன் பெண் மீன் 7.9 மில்லிமீட்டரிலேயே முதிர்ந்துவிடுகிறது. மண்டையோட்டின் மேற்பகுதி எலும்பாக மூடுவதே இல்லை. இதை நியோட்டனிக்கு உதாரணமாகக் காட்டக் கூடாது.

மாவுப்பூச்சியில் தாயைக் குஞ்சு என்று நினைப்பது

2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இலையின் அடியில் வெண்மெழுகு போர்த்து, சுமார் 2 மில்லிமீட்டர் நீளத்தில், இறக்கையின்றி ஒட்டிக்கிடக்கும் மஞ்சள் பூச்சிதான் முழு வளர்ச்சி அடைந்த பெண். இளங்குஞ்சின் உருவத்திலேயே அது பருவம் எய்திவிடுகிறது. ஆண் மட்டும் கூட்டுப்புழு போன்ற கட்டங்களைக் கடந்து, ஒரு ஜோடி இறக்கையோடு வரும். அதற்கு உண்ணும் வாயுறுப்பே கிடையாது.

‘இவை குஞ்சுகள்தானே, தாய்ப்பூச்சி பறந்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருந்தால் அதற்குள் ஒவ்வொரு பெண்ணும் 100 முதல் 600 முட்டை வரை மெழுகுப்பைக்குள் இட்டிருக்கும். அந்தப் பைக்குள் மருந்து எளிதில் இறங்காது. முட்டையிலிருந்து வெளிவந்து ஊர்ந்து திரியும் முதல்நிலைக் குஞ்சுகள்தான் மெழுகுப் போர்வை அதிகம் இல்லாமல் எளிதில் அகப்படும். இந்த மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த 2010இல் கொண்டுவரப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே ஒட்டுண்ணிக் குளவியை விட்ட தோட்டத்தில் கண்மூடித்தனமாக மருந்தடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்தே போய்விடும்.

முழு விலங்குக்கும் ஒரே பெயர் சூட்டுவது

‘நாய் என்பது வளராத ஓநாய்க்குட்டி’ என்பது பாதி உண்மைகூட இல்லை. புல்டாக்கின் மேல்நோக்கி மடிந்த மூக்கும் துருத்திய கீழ்த்தாடையும் எந்த ஓநாய்க்குட்டியிடமும் இல்லை. அது புதிதாக வந்த வடிவம். மனிதரிலும் அப்படியே. 1926இல் நெதர்லாந்து உடற்கூறியலாளர் லூயி போல்க் மனிதனை முதிரா வாலில்லாக் குரங்காக வர்ணித்தார். தட்டை முகமும் உருண்டை மண்டையும் சிம்பன்சிக் குட்டியை ஒத்தவை, சரி. ஆனால் நம் கால்கள் குழந்தையின் கால்களைவிட விகிதத்தில் நீண்டுகொண்டே போகின்றன. இது எதிர்த்திசை. எனவே ‘மனிதனின் முக அமைப்பில்’ என்று உறுப்பைக் குறித்தே எழுத வேண்டும்.

அளக்காமல் முடிவு கட்டுவது

மாணவர் செயல்திட்டமாக எடுத்தால், ஒப்பிடும் இரண்டு இனங்களிலும் குஞ்சு முதல் முதிர்ந்தது வரை பல வயது மாதிரிகள் வேண்டும். ஒரு குட்டியையும் ஒரு பெரியதையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இவற்றுக்கு வெளியே மூன்றாவதாக ஓர் உறவினமும் வேண்டும். அது இல்லாவிட்டால் எது பழைய நிலை, எது மாறிய நிலை என்று தெரியாது. வயதுக்குப் பதில் உடல் நீளத்தை வைத்து வரைபடம் போட்டால் நியோட்டனியும் புரோஜெனிசிசும் கலந்துவிடும். மீனில் செவிக்கல் (உட்காதில் இருக்கும் சிறு கல்) வளையங்களையும், தவளை, சாலமண்டர்களில் எலும்பின் குறுக்குவெட்டு வளையங்களையும் எண்ணி வயதைக் கணிக்கலாம். ஆல்கஹாலில் கிடந்த மாதிரி சுருங்கியிருக்கும், அதன் அளவைப் புதிதாகப் பிடித்ததன் அளவோடு ஒரே அட்டவணையில் சேர்க்காதீர்கள்.