கர்ப்பப் பரிசோதனைக் கிட்டுக்கான ஆன்டிபாடி: தயாரிப்பிலும் சுத்திகரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோட்டை நம்பித்தான் ஒரு பெண் அடுத்த முடிவை எடுக்கிறாள். ஆய்வகத்தில் நாம் விடும் பிழை அவளிடம்தான் போய்ச் சேரும்.

அந்தப் பட்டை தேடுவது கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனை; அதைப் பற்றிப் பிடிப்பவை ஆன்டிபாடி எனும் புரதங்கள். முதல் தவறு சுத்திகரிப்புக்கு வெகு முன்பே, குளோன் (ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரக்கும் செல் வரிசை) தேர்வில் நேர்கிறது. எச்.சி.ஜி. ஹார்மோனின் இரு பகுதிகளில் ஒன்றான ஆல்ஃபா துணையலகு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். ஆகிய பிற ஹார்மோன்களிலும் அப்படியே இருப்பதால், பட்டையில் பயன்படும் இரண்டு ஆன்டிபாடிகளில் ஒன்றாவது பீட்டா துணையலகுக்கு உரியதாக இருந்தே ஆக வேண்டும். அந்தப் பீட்டாவும் எல்.எச். ஹார்மோனின் பீட்டாவை வெகுவாக ஒத்திருப்பதால், எல்.எச். உடன் ஒட்டும் குளோன்களைத் தொடக்கத்திலேயே கழித்துவிட வேண்டும். எலைசா எனும் ஆய்வகச் சோதனையின் தட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்தபோது நன்றாக ஒட்டிய குளோன், சிறுநீர் சில நொடிகளில் கடந்துபோகும் கோட்டில் கைவிடக்கூடும் என்பதால், ஜோடிகளைப் பட்டையிலேயே சோதிப்பது நல்லது.

நான் மிகவும் அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத கலப்படத்தை. சுண்டெலியின் ஹைப்ரிடோமா செல்களை (ஆன்டிபாடி சுரக்கும் கலப்புச் செல்கள்) 10 சதவீத மாட்டுக்கன்று சீரத்தில் வளர்த்து, ஆன்டிபாடியைப் பிடித்துவைக்கும் புரோட்டீன் ஜி நிரப்பிய சுத்திகரிப்புத் தூணில் (column) சுத்திகரித்தால், மாட்டின் ஆன்டிபாடியான ஐ.ஜி.ஜி.யும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், சுண்டெலியின் ஆன்டிபாடிக்கும் மாட்டினுடையதற்கும் 50, 25 கிலோடால்டன் அளவுகளில் அதே இரண்டு புரதக் கோடுகள்தாம் தெரியும். மிகத் தூய்மையான புரதம் என்று மகிழ்ந்துவிடுவோம், ஆனால் அதில் ஒரு பங்கு எச்.சி.ஜி.யைத் தீண்டவே தீண்டாது. சீரமில்லாத ஊடகமோ ஐ.ஜி.ஜி. நீக்கிய சீரமோதான் இதற்கு வழி. புரோட்டீன் ஏ தூணில் சிக்கல் வேறு: சுண்டெலியின் ஐ.ஜி.ஜி.1 வகை ஆன்டிபாடி நடுநிலை பி.எச். (அமில-கார அளவு) நிலையில் வலுவாக ஒட்டாமல் வழிந்தோடிவிடும். 3 மோலார் உப்பும் 8.9 அளவிலான பி.எச்.சும் கொடுத்தால் ஒட்டும். எப்படியிருந்தாலும், சோதித்துப் பார்க்கும்வரை வழிந்தோடிய திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள்.

தூணில் ஒட்டிய ஆன்டிபாடி 2.7 பி.எச். கொண்ட அமிலக் கிளைசின் கரைசலில் இறங்கும்போது, சேகரிக்கும் குழாய்களில் அமிலத்தை நடுநிலையாக்க 1 மோலார் டிரிஸ் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் புரதம் திரளத் தொடங்கும். குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய வெண்மூட்டம் தெரியும். அப்படித் திரண்டதைப் பட்டையில் இட்டால் எச்.சி.ஜி. இல்லாத சிறுநீரிலும் கோடு தெரியக்கூடும்.

கோட்டுக்குச் சிவப்பு நிறம் தரும் தங்கத் துகள்களுடன் ஆன்டிபாடியை இணைக்கும் முன் உப்பை டயாலிசிஸ் (சவ்வு வழி வடிகட்டல்) செய்து குறைக்காவிட்டால், சிவப்புக் கரைசல் கண்ணெதிரே ஊதாவாகிவிடும். ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் நொதியுடன் இணைப்பதானால் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு கூடவே கூடாது. மீதியைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்தே உறையவைக்க வேண்டும். உருக்கிய குழாய் மீண்டும் உறைபெட்டிக்குள் போகக் கூடாது.